லைன் போன வெள்ளிக்கிழமையும் அத்தையின் 555 புத்தகமும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் 12.50. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் பிரிண்டருக்குப் பின்னால் தலையை விட்டு ஒயரைத் தேடிக்கொண்டிருந்தபோது செந்தூலிலிருந்து அத்தை போன் செய்தார். "டேய் தம்பி, மெஷின்ல லைன் இல்லடா. கார்டைத் தட்டினா சுத்திக்கிட்டே இருக்கு. என்னமோ கேக்குது, அமுக்கவா வேண்டாமா?"

அத்தைக்குச் செந்தூலில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. எனக்கு உணவகங்களுக்குப் பிஓஎஸ், அதாவது பில் போடும் கணினி அமைப்பு, போட்டுக்கொடுத்து, பழுதானால் மோட்டார் சைக்கிளில் ஓடிப்போய்ப் பார்ப்பது பதினொரு வருடப் பிழைப்பு. வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் கடை எப்படி இருக்கும் என்று தெரியும். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பத்துப் பேர், உள்ளே ரச வாளியோடு ஒரு பையன் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறான், கல்லாவில் கார்டை நீட்டியபடி ஒரு வரிசை. சாலையில் எங்கோ தோண்டியதில் ஃபைபர் போய்விட்டது. அத்தையை மிரட்டிய அந்தக் கேள்வி மெஷினின் சின்னத் திரையில் இன்னும் நின்றது: ஆஃப்லைனில் ஏற்கவா?

இந்த வசதியை நான்தான் இரண்டு வருடம் முன்பு போட்டுவைத்தேன். ஒரு முறை விளக்கியும் சொன்னேன். ஆனால் கூட்டம் தலைக்கு மேல் போகும்போது யாருக்கு அது நினைவிருக்கும்? "அமுக்குங்க அத்தை" என்றேன். அமுக்கினார். ஸ்லிப் வந்தது. வரிசை நகர்ந்தது. இரண்டு பேர் போனதும் அத்தை என் காதருகே குனிந்து, "காசு வந்துருச்சா?" என்றார்.

வரவில்லை. இதுதான் விஷயமே. எத்தனையோ முதலாளிகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கடைசியில் அத்தைக்கு ஒரே வார்த்தையில் புரிந்தது. "அத்தை, இது 555 புத்தகம்."

மளிகைக் கடையில் கடன் எழுதும் அந்தக் குட்டி நோட்டை, அட்டையில் 555 என்று போட்டிருக்கும், நம் ஊரில் தெரியாதவர் குறைவு. அத்தையின் டிராயரில் இன்றைக்கும் ஒன்று கிடக்கிறது. கார்டு மெஷின் ஆஃப்லைனில் செய்வதும் அதே வேலை. வங்கியை யாரும் கேட்கவில்லை, கார்டில் காசு இருக்கிறதா, திருட்டுக் கார்டா, நேற்றே முடக்கிவிட்டார்களா, எதுவும் தெரியாது. மெஷின் அந்தப் பரிவர்த்தனையைப் பூட்டி உள்ளே வைத்துக்கொண்டு, லைன் வந்ததும் வரிசையாக வங்கிக்கு அனுப்பும். அங்கே சரி என்றால் காசு, இல்லை என்றால் நஷ்டம் கடைக்கு. 555 புத்தகத்திலாவது 'பக்கத்து லோரோங் (சந்து) மணி' என்று பெயர் இருக்கும். இதில் கடைசி நான்கு எண்கள் மட்டும்தான்.

அப்படியானால் ஏன் வாங்க வேண்டும்? கைப்பேசிக் கடைக்காரர் என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன். கார்டு ஓடவில்லையென்றால் அவர் பொருளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம். சாப்பாட்டுக் கடையில் இலையை மடித்த பிறகுதான் காசு கேட்கிறோம். சோறு வயிற்றுக்குள் போய்விட்டது, இனி மறுத்து என்ன செய்ய? "ஏடிஎம் போய் எடுத்து வாங்க" என்று அனுப்பினால் பாதிப் பேர் நல்லவர்கள், வருவார்கள், மழை பிடித்துக்கொண்டால் அவர்களும் வரமாட்டார்கள். இன்னொன்று, 20 வெள்ளி (ரிங்கிட்) சாப்பாட்டுக்கான கார்டு மறுக்கப்பட்டால் உண்மையில் போவது அரிசி, காய்கறி, எண்ணெய் என்று அதன் அடக்க விலை. 2,000 வெள்ளி கைப்பேசி போனால் கிட்டத்தட்ட 2,000மே போச்சு. ஆகவே கடன் கொடுப்பதாக இருந்தால் சாப்பாட்டுக் கடை கொடுக்கலாம், எவ்வளவு என்று வரம்பு வைத்துக்கொண்டு. லண்டனில் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் இதையேதான் செய்கிறார்கள். கதவருகே கார்டைத் தட்டும்போது வங்கியைக் கேட்க நேரமில்லை, சிப் போலியா என்று மட்டும் அந்த இடத்திலேயே பார்த்துவிட்டு உள்ளே விடுவார்கள், நாள் முடிவில் மொத்தமாகக் கணக்குப் போட்டு வசூலிப்பார்கள். வசூலாகாத கார்டு தடைப் பட்டியலுக்குப் போகும். 2012இல் பேருந்தில் ஆரம்பித்து 2014இல் ரயிலுக்கும் வந்த ஏற்பாடு அது.

அத்தை கடைக்கு நான் வைத்த வரம்பு ஒரு பில்லுக்கு 80 வெள்ளி, எல்லாம் சேர்த்து 1,500. குருட்டாம்போக்கில் வைத்ததில்லை. மூன்று மாதப் பில்லை எடுத்துப் பார்த்தேன், 80ஐத் தாண்டுவது குடும்பத்தோடு வருபவர்கள்தான், அவர்களில் யாராவது ஒருவரிடம் ரொக்கம் இருக்கும். 1,500 என்பது அத்தை "போனாப் போகுது" என்று சொல்லக்கூடிய கடைசி எண். இந்த எண்ணை மெஷின் விற்பவர் சொல்லக்கூடாது, கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் 'ஆஃப்லைன்' என்று இரண்டு வேறு சங்கதிகளைச் சொல்கிறார்கள். சிப் கார்டுக்குள் ஒரு சின்ன மூளை உண்டு. இஎம்வி என்ற சிப் கார்டுப் பொது முறையில் மெஷின் கேட்டால் அது மூன்றில் ஒன்றைச் சொல்லும்: நானே சம்மதிக்கிறேன், வங்கியைக் கேள், முடியாது. முதல் பதில் வந்தால் அது முறையான ஆஃப்லைன் சம்மதம், வங்கியே தன் சார்பில் முடிவெடுக்கச் சொல்லிச் சிப்புக்குள் எழுதிவைத்தது. தொடர்ந்து இத்தனை முறைக்கு மேல் என்னைக் கேட்காமல் விடாதே என்ற கணக்கும் அதற்குள்ளேயே உண்டு. ஆனால் இந்தக் காலத்தில் லைன் எங்கும் இருப்பதால் பெரும்பாலான கார்டுகள் 'வங்கியைக் கேள்' என்றுதான் சொல்கின்றன. அப்போது மெஷின் கேட்காமலே வாங்கி வைத்துக்கொண்டு பிறகு அனுப்புவது இரண்டாவது வகை. அத்தை கடையில் நடந்தது இது. விற்க வருபவர்கள் முதல் வகையின் பாதுகாப்பைச் சொல்லி இரண்டாவதைத் தலையில் கட்டுவார்கள், கவனமாக இருங்கள்.

பின் நம்பர் இன்னொரு முட்டுக்கட்டை. 2017 ஜூலையிலிருந்து நம் மலேசியாவில் கையெழுத்து போய்ப் பின் வந்துவிட்டது. பின்னை வங்கிதான் சரிபார்க்க வேண்டும் என்றால் லைன் இல்லாமல் கதை நடக்காது, பின்னைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பலாம் என்று கனவிலும் நினைக்கக்கூடாது. 250 வெள்ளி வரை பின் இல்லாமல் தட்டலாம் என்பதால்தான் சாப்பாட்டுக் கடைகளில் இந்த ஏற்பாடு ஓடுகிறது.

சரி, லைன் சுத்தமாகப் போனால் சமாளிக்கலாம். உயிரை எடுப்பது பாதி லைன். பினாங்கில் லெபோ பாசார் பக்கம் ஒரு கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் புறப்படும் நேரம், தெரு முழுக்க ஜனம், எல்லார் கையிலும் போன், எல்லாரும் வீடியோ அனுப்புகிறார்கள். கார்டு மெஷினின் சிம்முக்கு மூச்சு முட்டுகிறது. தட்டினால் சுற்றும், சுற்றும், நாற்பது விநாடி கழித்து 'நேரம் கடந்தது' என்று வரும். கல்லாவில் இருந்த தம்பி என்ன செய்தார்? மறுபடியும் தட்டச் சொன்னார். இந்தத் தடவை ஸ்லிப் வந்தது. வாடிக்கையாளர் வாசலைத் தாண்டும் முன் திரும்பி வந்து போனைக் காட்டுகிறார், வங்கியிலிருந்து இரண்டு செய்தி, இரண்டிலும் 43.20.

முதல் தட்டில் கேள்வி வங்கி வரை போய்விட்டது, வங்கி சரி என்றும் சொல்லிவிட்டது, அந்தப் பதில்தான் திரும்பி வரும் வழியில் கூட்டத்தில் தொலைந்துபோனது. இதற்கு மருந்தாக, பதில் கிடைக்காத மெஷின் 'நான் கேட்டதை ரத்துசெய்' என்று இன்னொரு செய்தி அனுப்ப வேண்டும். அதுவும் அதே லைனில்தான் போக வேண்டும் என்பதால் அதுவும் காத்துக் கிடந்தது. நான் பார்த்த பல பிஓஎஸ் மென்பொருளில் பரிவர்த்தனைக்கு இரண்டே நிலை: ஆச்சு, ஆகலை. எழுதியவர் கல்லாவில் ஒரு நாள்கூட நின்றிருக்கமாட்டார். மூன்றாவதாக ஒன்று உண்டு, 'தெரியவில்லை'. அந்த நிலையைத் திரையில் பெரிதாக மஞ்சள் நிறத்தில் காட்டி, ரத்துச் செய்தி போய்ச் சேரும்வரை அதே பில்லை மறுபடி தட்ட விடாமல் தடுக்க வேண்டும். ஆஃப்லைனில் சேமிக்கப் போனாலும் அப்படித்தான், முந்தைய கேள்வியைக் கொல்லாமல் புதிதாக ஒன்றை உள்ளே வைத்தால் இரட்டை வசூல்தான். ஒவ்வொரு முயற்சிக்கும் பில் எண்ணோடு சேர்த்து ஒரு தனி எண் கொடுத்து, அந்த எண்ணோடு எத்தனை தடவை அனுப்பினாலும் எதிர்ப்பக்கம் ஒரு தடவைதான் காசு எடுக்கும்படி வைத்தால் பாதித் தலைவலி குறையும். பினாங்குக் கடையில் அதற்குப் பிறகு ஒரு விதி போட்டேன், மூன்று தட்டு தொடர்ந்து நேரம் கடந்தால் மெஷின் தானாகவே ஆஃப்லைனுக்குப் போகும், அதற்கு முன்பே போகச் சொல்லிக் கல்லாக்காரரும் ஒரு பொத்தானை அமுக்கலாம். தெருவில் ரதம் வருகிறதா என்று மெஷினுக்குத் தெரியாது, கல்லாத் தம்பிக்குத் தெரியும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், பிறரைக் குறை சொல்லிவிட்டு இதை மறைத்தால் நியாயமில்லை. நான்கு வருடம் முன்பு பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடை. முதல் நாள் இரவு லைன் இல்லாமல் வாங்கிய பரிவர்த்தனைகள் மெஷினுக்குள் இருக்கின்றன. காலையில் மெஷின் தொங்கிப்போய் நிற்கிறது என்று கூப்பிட்டார்கள். போனேன், பார்த்தேன், பழக்க தோஷத்தில் அழித்துப் புதிதாகப் போட்டேன். அற்புதமாக வேலை செய்தது. முதலாளி வந்து, "நேத்து ராத்திரி உள்ள இருந்ததெல்லாம் போயிருச்சா?" என்று கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 612 வெள்ளி. கார்டு எண் அந்த மெஷினுக்குள்ளேயே மறையாக்கப்பட்டுப் பூட்டப்படுவதால் பிஓஎஸ் பக்கம் அதன் நிழல்கூட இல்லை. அப்படி இருப்பதுதான் சரி, ஆனால் அன்றைக்கு அந்தச் சரியை நினைத்து அழுகைதான் வந்தது. காசை நான் கொடுத்தேன். இப்போது எந்த மெஷினைத் தொடுவதற்கு முன்பும் நிலுவை எத்தனை என்று அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்கிறேன். கடைக்காரர்களுக்கும் சொல்வேன்: நிலுவை இருக்கும் மெஷினை அணைத்து டிராயரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், சார்ஜில் போட்டு லைன் வரும்வரை விழித்திருக்க விடுங்கள்.

இன்னொரு கடையில் கண்ட கூத்து: மெஷின் ஓடவில்லை என்று ஒரு பையன் ஆர்டர் எடுக்கும் தாளிலேயே கார்டின் 16 எண்ணையும் பின்பக்கத்து மூன்று எண்ணையும் எழுதி வைத்திருந்தான். நல்லெண்ணம்தான். ஆனால் அந்தத் தாள் சாம்பார் கறையோடு ஆணியில் குத்தித் தொங்கியது. பின்பக்கத்து எண்ணை எழுதி வைத்துக்கொள்ளவே கூடாது என்பது கார்டு உலகத்தின் கறாரான விதி. அந்தக் காலத்தில் கார்டை வைத்து மேலே கார்பன் தாள் போட்டு 'டரக் டரக்' என்று இழுக்கும் இரும்புப் பலகை இருந்ததே, அது வேறு காலம், எண்கள் புடைத்திருந்தன. இன்றைய கார்டு பலவற்றில் எண் தட்டையாக இருக்கிறது, இழுத்தால் வெள்ளைத் தாள்தான் வரும்.

ஆஃப்லைனைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைச் சொல்வது வேடிக்கைதான், ஆனால் முதல் செலவை ஆஃப்லைனில் செய்யாதீர்கள், இரண்டாவது லைனில் செய்யுங்கள். ரவுட்டரில் ஒரு 4ஜி சிம், ஃபைபர் போனால் தானாக மாறிக்கொள்ளும். ஒன்றே ஒன்று, ஃபைபர் கொடுப்பவரும் சிம் கொடுப்பவரும் ஒரே நிறுவனமாக இருக்கக்கூடாது. 2022 ஜூலை 8ஆம் தேதி கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு மொத்தமாகப் படுத்தபோது வீட்டு இணையமும் கைப்பேசியும் சேர்ந்தே போயின, அந்த நாட்டு டெபிட் கார்டு வலையமைப்பான இன்டராக் அதை நம்பியிருந்ததால் நாடு முழுக்க டெபிட் கார்டு நின்றது. நம் லைன் நன்றாக இருந்தும் அந்தப் பக்கம் கோளாறாகலாம், 2018 ஜூன் 1ஆம் தேதி ஐரோப்பாவில் விசாவின் தரவு மையத்தில் ஒரு ஸ்விட்ச் அரைகுறையாகப் பழுதாகிப் பல லட்சம் பரிவர்த்தனைகள் தோற்றுப்போயின. அங்கேயும் பாருங்கள், முழுசாகச் செத்திருந்தால் மாற்று உபகரணம் பொறுப்பேற்றிருக்கும், அரைகுறையாகப் போனதுதான் வினை.

அத்தை கடையில் அந்த 4ஜி சிம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஒரு வருடம் முன்பு மாதக் கட்டணம் வீண் என்று அத்தை நிறுத்திவிட்டார், என்னிடம் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பேசி இனி பயனில்லை, குடும்பத்துக்குள் சண்டைதான் மிஞ்சும்.

அன்றைக்குப் பாதி மானத்தைக் காப்பாற்றியது கல்லாவில் ஒட்டியிருக்கும் டூயிட்நவ் கியூஆர் தாள். கடையில் லைன் இல்லாவிட்டாலும் வாடிக்கையாளர் போனில் லைன் இருக்கிறதே, அவர் ஸ்கேன் செய்து அனுப்பிவிடலாம். ஆனால் காசு வந்ததா என்று பார்க்க அத்தையின் சொந்தப் போனில் டேட்டா இருக்க வேண்டும், திரையைக் காட்டிவிட்டு நகர்பவரை அப்படியே நம்பக்கூடாது, பழைய படத்தைக் காட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அத்தை மகளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, வங்கிச் செயலியைத் திறந்து ஒவ்வொன்றாக "வந்துச்சு, வந்துச்சு" என்று சொல்லவைத்தோம். சமையலறைக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. அங்கே பிரிண்டர் கடைக்குள் ஓடும் ஒயரில்தான் இருக்கிறது, பிஓஎஸ் கணினியும் கல்லாவுக்கு அடியிலேயே இருக்கிறது. ஆர்டர்கூட இணையம் வழியாகப் போய்த் திரும்பி வரும் டேப்லெட் அமைப்புகளை வாங்கியவர்கள் ஃபைபர் போனால் பேனாவைத் தேட வேண்டியதுதான்.

மாலையில் கணக்குப் பார்க்கும்போது சில காசு இடித்தது. இதை மட்டும் கேளுங்கள், தொழிலில் இருப்பவர்களுக்குப் பிடிக்கும். 17 வெள்ளிச் சாப்பாட்டுக்கு 6 சதவீதச் சேவை வரி சேர்த்தால் 18.02. கார்டில் என்றால் 18.02தான் போகும். ரொக்கம் என்றால் 18.00, ஏனென்றால் 2008 ஏப்ரலிலிருந்து ரொக்கத்துக்கு மட்டும் மொத்தத்தை ஐந்து காசுக்குச் சரிசெய்கிறோம். சில பேர் கார்டு என்று பில்லை மூடச் சொல்லி, ஓடவில்லை என்றதும் ரொக்கத்தை நீட்டினார்கள். பையன்கள் பில்லைத் திறந்து கட்டண முறையை மாற்றாமல் காசைப் போட்டு டிராயரை மூடினார்கள். ஆளுக்கு ஒரு காசு, இரண்டு காசு. அதோடு பிஓஎஸ் பார்வையில் அவையெல்லாம் கார்டு பில்கள், மெஷினில் அவை இல்லவே இல்லை. அதைத் தேடிச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆனது.

4.05க்கு லைன் வந்தது. மெஷின் ஒவ்வொன்றாக அனுப்ப ஆரம்பித்தது, அத்தை பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பரீட்சை முடிவு பார்ப்பதுபோலப் பார்த்தார். மொத்தம் 41, தொகை 1,186.40. 39 தேறியது. இரண்டு மறுப்பு, 28.50 ஒன்று, 36.00 ஒன்று. பெயர் இல்லை, கடைசி நான்கு எண் மட்டும். ஆனால் நம் பிஓஎஸ்ஸில் ஆஃப்லைன் கார்டு ஒவ்வொன்றையும் பில்லோடு கட்டிவைத்திருந்தேன், மேசை எண், நேரம், என்ன சாப்பிட்டார்கள், யார் பரிமாறியது என்று. 28.50ஐத் திறந்தேன். 6ஆம் மேசை, 1.35 மணி, ஒரு சாப்பாடு, ஆட்டிறைச்சி வறுவல், மோர் இரண்டு, குறிப்பில் வெங்காயம் வேண்டாம்.

"அட, இது நம்ம லாரி ஆபீஸ்காரர்" என்றார் அத்தை. "வெங்காயம் வேணாம்னு கேக்குறது அவர் ஒருத்தர்தான்."

திங்கட்கிழமை அவர் பசியாற வந்தபோது அத்தை விஷயத்தைச் சொல்ல, கார்டு காலாவதியாகி மாற்றிக்கொடுத்ததை மறந்துவிட்டேன் என்று தலையைச் சொறிந்துகொண்டே ரொக்கமாகக் கொடுத்தார். 28.50தான் வாங்கினோம், வறுவலுக்கு விலை ஏறியதை அத்தை அன்றைக்குச் சொல்லவில்லை.

மற்றது 11ஆம் மேசை. இரண்டு சாப்பாடு, ஒரு தெங்கிரி மீன் பொரித்தது. பரிமாறிய பையனுக்கு நீலச் சட்டை என்பதற்கு மேல் எதுவும் நினைவில்லை. அத்தை டிராயரைத் திறந்து உண்மையான 555 புத்தகத்தை எடுத்து, காதில் செருகியிருந்த பேனாவால் எழுதினார்: வெள்ளி, மேசை 11, நீலச் சட்டை, 36.00. நேற்று போனபோது எட்டிப் பார்த்தேன், அந்த வரியை இன்னும் அடிக்கவில்லை.